ஸ்கோபஸில் ஒரே ஒரு மேற்கோள் குறைகிறது. வாங்கிக்கொள்ளலாமா?

கிணற்றுத்தண்ணி (ராணிப்பேட்டை) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்றுக்கொடுக்கிறேன். பதினொரு வருட சர்வீஸ். கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள்.

எங்கள் நிர்வாகம் இந்த வருடம் ஆசிரியர்களுக்கு ஆய்வு நிதி என்று ஆளுக்கு இரண்டு லட்சம் கொடுக்கப் போகிறது. எங்கள் லேபில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரின் விளக்கு போய் எட்டு மாதமாகிறது. மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து டவுன் பஸ்ஸில் இன்னொரு கல்லூரிக்கு எடுத்துப் போய் அளந்துவிட்டு வருகிறேன். அந்தப் பணம் வந்தால் இந்த அலைச்சல் தீரும். படிவத்தைப் பிரித்தால் நான்காவது கேள்வியிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள்: கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தளத்தில் ஹெச் இண்டெக்ஸ் குறைந்தது 6 இருக்க வேண்டும். அதாவது, ஆளுக்கு ஆறு மேற்கோளாவது வாங்கிய ஆறு கட்டுரை. எனக்கு 5.

என் கட்டுரைகளுக்கு ஸ்கோபஸ் காட்டும் மேற்கோள்கள் இவை: 96, 30, 14, 8, 6, 5, 4, 2. ஆறாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது. அது 6 ஆனால் என் ஹெச்சும் 6. உலகத்தில் யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, அந்தக் கட்டுரையைத் தன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டால் போதும். கூகுள் ஸ்காலரில் எனக்கு ஏற்கெனவே 7. ஆனால் கூகுள் செல்லாது என்று படிவத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஆறாவது கட்டுரை, புளியங்கொட்டைக் கரியை வைத்துத் தண்ணீரிலிருந்து குரோமியத்தை எடுப்பது பற்றியது. விஷயம் தெரிந்ததும் மெக்கானிக்கல் துறை சார் ஒருவர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "இதுக்கா மேடம் கவலைப்படறீங்க? என் பேப்பர் ஒண்ணு ரிவிஷன்ல இருக்கு. முதல் பாராவுல குரோமியம்னு ஒரு வார்த்தை வருது. அங்க உங்களைப் போட்டுடறேன். அடுத்த பேப்பர்ல நீங்க என்னைப் போடுங்க." அவருடைய கட்டுரை துருப்பிடிக்காத எஃகை வெல்டிங் செய்வது பற்றியது. நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இதற்கென்றே பதினாறு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருப்பதையும் அன்றுதான் சொன்னார். குழுவின் பெயர் 'ரிசர்ச் ஃபேமிலி'.

என்னை உறுத்துவது இது மட்டும் இல்லை. 96 வாங்கிய கட்டுரை, என் கைடோடு சேர்ந்து எழுதிய ரிவ்யூ. ஒரு கோடை விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்ததைத் தொகுத்தேன், அவ்வளவுதான். அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் இருபதைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலும் முதல் வரியில் வருகிறது: கன உலோகங்கள் உடல்நலத்துக்குக் கேடு. அதற்குச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ராணிப்பேட்டைக்கும் வாலாஜாவுக்கும் நடுவில் 23 விவசாயக் கிணறுகளில் இரண்டு கோடை தண்ணீர் எடுத்துச் செய்த வேலை ஒன்று இருக்கிறது. அது ஒரு சின்ன இந்தியப் பத்திரிகையில் வந்தது. அப்படி ஒரு பத்திரிகை இருப்பதே ஸ்கோபஸுக்குத் தெரியாது. கூகுளில் 4 மேற்கோள், அதில் ஒன்று நானே காட்டியது.

அதில் ஒரு நாள் மறக்கவில்லை. ஒரு பெரியவரின் கிணற்றடியில் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, அமிலம் சேர்த்து, டைஃபீனைல்கார்பசைடு நாலு சொட்டு விட்டேன். குரோமியத்திலேயே கெட்ட வகையான ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் நிறம் மாறும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதா ஏறியது. அவர் குழாயை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதையாம்மா மாடு குடிச்சிக்கினு இருந்துச்சு?" என்றார். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அவர் கிணற்றில் எவ்வளவு இருந்தது என்று இங்கே எழுதவில்லை, கிணற்றை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கட்டுரை வந்து ஆறு மாதம் கழித்து அவரே கல்லூரிக்கு வந்தார். அப்போது ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுவோடு வைப்பதற்காக என் மூன்றாவது அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தார். தன் கிணற்றின் வரிசைக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. அதில் என் கையெழுத்து வேண்டும் என்றார். லேமினேட்டின் மேல் பேனா எழுதவில்லை, ஸ்கெட்ச் பேனா தேடி எடுத்துப் போட்டுக்கொடுத்தேன்.

கேள்வி இரண்டு. அந்த வெல்டிங் மேற்கோளை வாங்கிக்கொள்ளலாமா? இந்த எண் எதைத்தான் அளக்கிறது? படிவத்துக்குக் கடைசி நாள் வருகிற வெள்ளி.


காட்பாடி பாசஞ்சர் எழுதியது:

மேடம், வாங்கிக்கோங்க. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊர் இது. நீங்கள் மட்டும் வரிசையில் நின்றால் நின்றுகொண்டேதான் போக வேண்டும்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் போன வருடம் 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி' என்று வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். கோட்டு சூட்டில் ஆள் உயரப் படம், பின்னால் பூமி உருண்டை சுற்றுகிறது. அந்த சாரும் நானும் நாலு வருடமாக ஒரே அறை. அவர் எதை ஆராய்கிறார் என்று எனக்கு இன்னும் தெரியாது. அவருக்கே... சரி விடுங்கள்.

அந்த 16 பேர் குழுவில் என்னையும் சேர்ப்பார்களா, கேட்டுச் சொல்லுங்கள்.


கணக்கு வாத்தியார், ஆலங்காயம் எழுதியது:

மேலே உள்ளவர் கிண்டல் செய்தாலும் அந்த 2 சதவீதக் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வைத்து 2019 முதல் போடும் பட்டியல் அது. ஆறு அளவுகளைக் கலந்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். தன்னைத்தானே காட்டிக்கொண்ட மேற்கோளைச் சேர்த்து ஒரு வரிசை, நீக்கி ஒரு வரிசை என்று இரண்டும் உண்டு. எந்த வரிசையில் இடம் கிடைத்தது என்று நான் பார்த்த எந்த ஃப்ளெக்ஸிலும் போட்டதில்லை.

ஹெச் இண்டெக்ஸ் என்பது 2005இல் கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். வரிசை எண்ணும் மேற்கோள் எண்ணும் எங்கே குறுக்கே போகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். மேடம் பட்டியலில் ஐந்தாவது கட்டுரைக்கு 6, சரி. ஆறாவதுக்கு 5, அங்கே அறுந்துவிட்டது. அதனால் 5. முதல் கட்டுரையின் 96 நாளைக்கே 9,600 ஆனாலும் ஹெச் 5தான். அப்படியே அந்த 96ஐ வெறும் 6 ஆக்கினாலும் 5தான், போட்டுப் பாருங்கள். ஒரே கட்டுரையை வைத்துக்கொண்டு ஒருவர் பெரிய ஆளாகிவிடக் கூடாது என்றுதான் இப்படி வைத்தார். அந்த வகையில் அழகான யோசனை, மறுக்கவில்லை. ஹிர்ஷே 2020இல், இந்த எண்ணால் தான் நினைக்காத கெடுதல்களும் வரும் என்று எழுதிவிட்டார்.

துறைக்குத் துறை இது செல்லாது. எங்கள் கணிதத்தில் ஒரு கட்டுரையின் கடைசியில் காட்டும் மேற்கோள்கள் குறைவு. மருத்துவத்தில் அதிகம். கொடுப்பது குறைவாக இருக்கும் ஊரில் வாங்குவதும் குறைவாகத்தானே இருக்கும்? துகள் இயற்பியலில் இன்னொரு கூத்து. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015இல் வந்த கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். அதற்கு ஒரு மேற்கோள் வந்தால் 5,154 பேர் கணக்கிலும் ஒன்று ஏறும்.

காலமும் இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காவலூர் தொலைநோக்கியில் 1988இல் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். அந்த ராமானுஜன், சாவதற்குச் சில மாதம் முன்னால் 1920 ஜனவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் மாக் தீட்டா என்று சில சார்புகளைச் சொல்லிவிட்டுப் போனார். அவை என்ன ஜாதி, எந்தக் குடும்பம் என்று தெளிவாகச் சொன்னது 2002இல் ஸான்டர் ஸ்வெகர்ஸ் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு. இடையில் 82 வருடம். பத்திரிகைகளுக்குப் போடும் இம்பாக்ட் ஃபாக்டர் என்ற மேற்கோள் சராசரி பார்ப்பது இரண்டு வருடம்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். யுஜிசி 2018 விதிமுறையில் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் கட்டுரைக்கான மதிப்பெண் பத்திரிகையின் இம்பாக்ட் ஃபாக்டரை வைத்துக் கூடுகிறது. 1க்கும் 2க்கும் நடுவில் என்றால் 15 மதிப்பெண், 10க்கு மேல் என்றால் 30. அதில் ஹெச் இண்டெக்ஸுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. உங்கள் 6 என்பது உங்கள் நிர்வாகமே கோடு கிழித்தது. அவர்களே கிழித்ததை அவர்களிடமே போய்ப் பேசலாம்.


பழைய நூலகர் (வேலூர்) எழுதியது:

அம்மா, முதலில் உங்கள் இனிஷியலைப் பார்த்தீர்களா?

நான் வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்து வருடம் என் வேலையில் பாதி, ஆசிரியர்களின் பெயர்களை ஸ்கோபஸில் தேடிப் பிடிப்பதுதான். குடும்பப் பெயர் என்று ஒன்று எல்லாருக்கும் இருக்கும் என்று நினைத்துக் கட்டிய வீடு அது. நமக்கு அது ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், முடிந்தது. ஒரு பத்திரிகை இனிஷியலை முன்னால் போடும், இன்னொன்று பின்னால் போடும், மூன்றாவது பத்திரிகை அப்பா பெயரை முழுதாக விரித்து அவரையே ஆசிரியராக்கிவிடும். கல்யாணம் ஆனால் பெண்களில் பலருக்கு இனிஷியலே மாறிவிடுகிறது. எங்கள் தாவரவியல் அம்மா ஒருவர் ஸ்கோபஸில் மூன்று பேராக இருந்தார். சம்பளம் என்னவோ ஒன்றுதான் வந்தது. இதற்கு நேர்மாறும் உண்டு. ஒரே இனிஷியல் கொண்ட நாலு செந்தில்குமார்களை ஒன்றாகச் சேர்த்து, இதய நோயிலிருந்து கான்கிரீட் வரை எழுதித் தள்ளும் ஒரே மேதையாக்கி வைத்திருந்தது.

உங்கள் முனைவர் பட்டக் காலத்துக் கட்டுரை எந்த இனிஷியலில் வந்தது? பழைய பெயரையும் தேடுங்கள். தனிப் பக்கம் இருந்தால், இரண்டும் நான்தான் என்று சேர்க்கச் சொல்லி அந்தத் தளத்திலேயே கேட்கலாம், காசு கிடையாது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொடுக்கும் ஆர்கிட் எண் வாங்கிவிட்டீர்களா? 2012இல் வந்தது, 16 இலக்கம். பெயர் எத்தனை விதமாக அச்சானாலும் எண் மாறாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஓய்வு பெற்றவனிடம் நேரம் இருக்கிறது.

மேற்கோளைத் தொகுக்கும் பழக்கம் விஞ்ஞானத்துக்கு வக்கீல்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873இல் ஒரு வியாபாரம் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துச் சொன்னன என்று பட்டியல் போட்டு, பசை தடவிய சீட்டுகளாக அச்சடித்து விற்றார். வக்கீல்கள் அதை வாங்கித் தங்கள் தீர்ப்புத் தொகுதியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு அது புத்தகமாயிற்று. அதில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்து இருக்கும். பின்பற்றப்பட்டது என்றால் ஒரு எழுத்து, இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று ஒதுக்கப்பட்டது என்றால் வேறு எழுத்து, கண்டிக்கப்பட்டது, தள்ளப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. செத்துப்போன தீர்ப்பை எடுத்துக்கொண்டு கோர்ட்டில் எழுந்து நின்றால் மானம் போய்விடும் அல்லவா? வக்கீல்கள் காசு கொடுத்தது அந்த எழுத்துக்குத்தான்.

1950களில் யூஜின் கார்ஃபீல்ட் என்பவர் விஞ்ஞானக் கட்டுரைகளைத் தேடுவதற்கு வழி யோசித்துக்கொண்டிருந்தார். ஷெப்பர்ட் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், எங்கள் முறையைப் பாருங்களேன் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். 1955இல் கார்ஃபீல்ட் அதையே விஞ்ஞானத்துக்குச் செய்யலாம் என்று சயன்ஸ் இதழில் எழுதினார். 1964 முதல் பிலடெல்பியாவிலிருந்து சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் ஒழுங்காக வந்தது. நோக்கம் தேடுவது. ஒரு பழைய கட்டுரை கையில் இருந்தால் அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை பிடித்துக்கொண்டு போகலாம். 1980களில் பெங்களூரில் ஒரு நூலகத்தில் அந்தத் தொகுதிகளைப் புரட்டியிருக்கிறேன். டெலிபோன் டைரக்டரி போலத் தடிமன், உள்ளே எறும்பு ஊர்வது போல எழுத்து. அரை மணி நேரத்தில் கண் நீர் விட்டுவிடும்.

ஆனால் வக்கீல்களின் அந்தச் சின்ன எழுத்து இதில் வரவில்லை. லட்சக்கணக்கான கட்டுரைகளை யார் உட்கார்ந்து படித்து, இவர் அவரைப் பாராட்டுகிறாரா திட்டுகிறாரா என்று குறிப்பது? எழுத்து போயிற்று, எண்ணிக்கை நின்றது. நம் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் கட்சி. உங்கள் ரிவ்யூவைத் திறந்து பார்த்து, 'கேடு' என்ற ஒரு வரிக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நீங்களே கண்டுபிடித்தீர்களே, ஷெப்பர்டின் ஆட்கள் செய்த வேலை அது. இருபது கட்டுரைக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது? தேர்வுக் குழுவில் அதற்கு ஆள் இல்லை.

இம்பாக்ட் ஃபாக்டரும் கார்ஃபீல்ட் வீட்டுப் பிள்ளைதான். ஒரு பத்திரிகையில் முந்தைய இரண்டு வருடம் வந்த கட்டுரைகளுக்கு இந்த வருடம் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. பட்ஜெட் வெட்டும் வருடங்களில் எந்தச் சந்தாவை நிறுத்துவது என்று முடிவு செய்ய எங்களுக்கு அது உதவியது. மூட்டை நிறுக்கும் தராசு. அதில் ஆளை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் பத்திரிகைக்கு வழக்கமாக 2 சொச்சம். 2009 கணக்கில் அது திடீரென்று 49.9. காரணம் ஒரே கட்டுரை. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தன்னுடைய ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி 2008இல் எழுதினார். அதைப் பயன்படுத்தியவர்கள் எல்லாரும் காட்டினார்கள். அதே பத்திரிகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியவருக்கும் அந்த வருடம் 49.9தான். நம் அட்டவணைப்படி 30 மதிப்பெண்.

அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது என்று கேட்டால், 1951இல் ஆலிவர் லௌரி குழு புரதத்தை அளக்கச் சொன்ன முறை. 3 லட்சத்துக்கும் மேல். நீல நிறம் வருமே, கல்லூரி லேபில் நீங்களும் செய்திருப்பீர்கள். பயன்படும் கருவி, அதனால் காட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் 1963இல் இருவரோடு சேர்ந்து எழுதியது. பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டதால் பெயரைச் சொல்லிவிட்டுக் கட்டுரையைக் காட்டாமலே பலர் போய்விடுகிறார்கள். ரொம்பப் பெரிதானாலும் எண்ணில் தெரியாது.

இப்போது நம் ஊர். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தீர்ப்பு உங்கள் கட்டுரையிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். தோல் தொழிற்சாலைகள் பாலாற்றில் விட்ட கழிவு பற்றியது. கெடுதல் வரும்முன் தடுக்க வேண்டும், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டம் என்று சொன்னது அதில்தான். சத்துவாச்சாரி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் என் மைத்துனரைத் தூக்கத்தில் எழுப்பினாலும் '1996, ஐந்து எஸ்சிசி, 647' என்று தீர்ப்புத் தொகுப்பின் எண்ணைச் சொல்வார். அந்தத் தீர்ப்பின் தொடக்கத்திலேயே ஒரு கணக்கு வருகிறது: தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது. கண்டறிந்தது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் என்று தீர்ப்பே சொல்கிறது. யாரோ ஊர் ஊராகப் போய் மண்ணை அள்ளிப் பையில் கட்டி, பென்சிலால் கிராமத்தின் பெயர் எழுதி, கொண்டுவந்து சோதித்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னதற்காக அவர்கள் யாருக்கும் ஹெச் இண்டெக்ஸில் அரைப் புள்ளி ஏறியிருக்காது. ஸ்கோபஸ் தீர்ப்புகளை எண்ணுவதில்லை. உங்கள் பெரியவரின் லேமினேட்டையும் எண்ணாது.

வெல்டிங் சாரின் மேற்கோளுக்கு வருகிறேன். ஷெப்பர்ட் காலத்து எழுத்து இருந்திருந்தால் அதற்குப் பக்கத்தில் என்ன போடுவார்கள்? 'டீ குடிக்கும்போது பேசி வைத்தது' என்று போடுவார்கள். வேண்டாம் அம்மா.

படிவத்தோடு தனியாக ஒரு பக்கம் இணையுங்கள். எத்தனை கிணறு, எந்த வருடம், அட்டவணை எங்கே போய் எந்த மனுவில் உட்கார்ந்தது, அவ்வளவு போதும். பெயர் பெற்ற ஆதாரம் வேண்டும் என்றால் ஆய்வை எப்படி மதிப்பிடுவது என்று 2015இல் வெளியான லைடன் அறிக்கையைக் காட்டுங்கள். அதன் பத்துக் கொள்கைகளில் ஒன்று, உள்ளூருக்குத் தேவையான நல்ல ஆய்வைக் காப்பாற்ற வேண்டும் என்பது. பத்திரிகையின் எண்ணை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று 2013இல் வந்த டோரா அறிக்கையும் இருக்கிறது. குழுவில் ஒருவராவது படிப்பார்.


தோட்டப்பாளையம் எழுதியது:

ஐயா சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். மீதிக்கு இல்லை.

நான் நோய்நுண்மி ஆய்வகத்தில் இருக்கிறேன். எங்கள் துறையிலும் எண்ணில் வராத வேலை நிறைய. இதே ஊரில்தான் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாரை மாற்றி வைத்து நிமிர்த்தினார். அவரிடம் நின்று கற்றுக்கொண்டு போனவர்கள் எல்லாரும் மேற்கோளாகத் திரும்பி வரவில்லை. தெரியும்.

ஆனால் எண் இல்லாத காலம் ஏதோ பொற்காலம் என்பது போல ஆகிவிடக் கூடாது. வேறொரு ஊரில் என் முதல் நேர்காணலில் கேட்ட முதல் கேள்வி: "அப்பா என்ன பண்றார்?" இரண்டாவது கேள்வி, நான் யாருடைய ஸ்டூடண்ட் என்பது. என் அப்பா குடியாத்தத்தில் தறி ஓட்டினார். என் கைடுக்குச் செல்வாக்கு கிடையாது. அன்றைக்கு என் கையில் இருந்தது இரண்டு கட்டுரையும் அவற்றுக்கு வந்த 31 மேற்கோளும்தான். வெளிநாட்டில் என்னைப் பார்த்தே இராதவர்கள் படித்துவிட்டுக் காட்டியவை. குழுவில் ஒருவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை கிடைத்தது. தனிப் பக்கம் எழுதி இணைக்கும் முறை மட்டும் இருந்திருந்தால், அழகாக எழுதத் தெரிந்தவனும் ஆள் தெரிந்தவனும் உள்ளே போயிருப்பான்.

எண்ணை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்பதையும் யோசியுங்கள். கிணற்றுத்தண்ணி மேடம், இதனால்தான் நானும் அந்த மேற்கோளை வாங்காதீர்கள் என்கிறேன். என்னைப் போன்றவனிடம் அது ஒன்றுதான் இருந்தது. அதையும் பதினாறு பேர் சேர்ந்து கள்ள நோட்டு ஆக்கினால் எப்படி?


பழைய நூலகர் (வேலூர்) எழுதியது:

தம்பி, அந்த நேர்காணல் அறைகளை நானும் பார்த்திருக்கிறேன், ஃபைல் தூக்கிக்கொண்டு உள்ளே போனவன். நீங்கள் சொல்வது சரி. எண்ணைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை, பக்கத்தில் அந்த எழுத்தையும் எழுதச் சொல்கிறேன். உங்கள் 31இல் ஒவ்வொன்றும் படித்துவிட்டுக் காட்டியது என்று சொன்னீர்களே, அதைத்தான்.


கிணற்றுத்தண்ணி (ராணிப்பேட்டை) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு அப்பாவின் இனிஷியலில் தேடினேன். ஐயா சொன்னபடியே நான் இன்னொருத்தியாகவும் இருக்கிறேன். அவள் பெயரில் ஒரே கட்டுரை, பட்டக் காலத்தில் எழுதியது, 7 மேற்கோள். கல்யாணத்துக்கு முன்னால் வந்தது. அதைச் சேர்த்தால் வரிசை 96, 30, 14, 8, 7, 6, 5, 4, 2. ஆறாவது இடத்தில் 6. ஒரு சொட்டு அமிலம் கூட ஊற்றாமல் ஹெச் 6 ஆகிவிட்டது! சிரிப்பதா என்று தெரியவில்லை.

சேர்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். வெள்ளிக்குள் மாறுமா தெரியாது. ஆபீஸில் கேட்டேன், ஸ்கிரீன்ஷாட்டில் 6 இருந்தால்தான் எடுப்போம் என்றார் கிளார்க். இரண்டு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கல்யாணச் சான்றிதழ் நகலையும் வைத்து, கையால் கூட்டிப் போட்டு இணைத்திருக்கிறேன். ஆய்வு நிதிக்குக் கல்யாணச் சான்றிதழ் வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கிணறு பற்றிய தனிப் பக்கமும் எழுதினேன். லேமினேட் நகல் வேண்டுமே என்று பெரியவர் வீட்டுக்குப் போன் செய்தால் அவர் மகன் எடுத்தார். தாள் பத்திரமாக இருக்கிறதாம், அலமாரியில் பட்டாவோடு வைத்திருக்கிறார்களாம். மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறியிருக்கிறது, மறுபடி வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.


காட்பாடி பாசஞ்சர் எழுதியது:

அதெல்லாம் சரி மேடம். மெக்கானிக்கல் சார் பேப்பரில் உங்கள் பெயர் வருகிறதா இல்லையா? அதைச் சொல்லாமலே போகிறீர்களே.


கிணற்றுத்தண்ணி (ராணிப்பேட்டை) எழுதியது:

வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் முகம் சுருங்கினார். மறுநாள் டீ அவரே வாங்கிக்கொடுத்தார், எஃகில் 18 சதவீதம் குரோமியம் இருக்கிறதே மேடம், அது போதாதா என்று கேட்டுக்கொண்டே. அதில் புளியங்கொட்டை எவ்வளவு சதவீதம் என்று நான் கேட்டேன்.